வெயில் சூடா, காய்ச்சலா? நாய் வளர்ப்போர் கவனத்துக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சித்திரை, வைகாசியில் நாய் இரை எடுக்காமல் படுத்துக் கிடந்தால், "வெயிலுக்கு அப்படித்தான் கிடக்கும், சாயங்காலம் எந்திரிச்சுரும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறோம். இந்த நினைப்பால் காலம் கடந்து மருத்துவரிடம் போகும் நாய்கள் ஏராளம். கரிசல்காட்டு வெயில் கடுமையானதுதான். ஆனால் வெயிலால் ஏறும் சூடு வேறு, நோயால் வரும் காய்ச்சல் வேறு. இரண்டுக்கும் முதலுதவியும் வேறு. பிரித்து அறியாமல் எதைச் செய்தாலும் நாய்க்குத்தான் ஆபத்து.

தொட்டுப் பார்த்தால் தெரியாது

நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம் உடம்பு 98.6-ஐ ஒட்டியே இருப்பதால், நலமாக இருக்கும் நாயைத் தொட்டாலும் நமக்குச் சுடும். மூக்கு காய்ந்திருப்பதையும் நம்ப முடியாது. தூங்கி எழுந்த நாய்க்கும் காய்ந்துதான் இருக்கும். தெர்மாமீட்டர் ஒன்றே வழி.

மருந்துக் கடை டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதை நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தலையை அணைத்துப் பிடிக்க, மற்றவர் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் ஓர் அங்குலத்துக்குள் மெதுவாக நுழைத்து, ஒலி வரும்வரை வைத்திருக்க வேண்டும். ஓடி வந்த நாயை அரை மணி நேரம் நிழலில் விட்ட பிறகு அளந்து பாருங்கள். 103-க்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று கொள்ளலாம். 104-ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும். 106 என்றால் உயிருக்கே ஆபத்து.

வெயில் தாக்கிய நாய்

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். உச்சிவெயிலில் ஓடினாலோ, தகரக் கொட்டகையில் கட்டிக் கிடந்தாலோ அதற்கும் வழியில்லாமல் போகிறது. பலமாக இரைக்கும், நாக்கும் ஈறும் செங்கல் நிறமாகும், கெட்டியான எச்சில் ஒழுகும், நடை தள்ளாடும். உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறியோ மின்விசிறியோ வையுங்கள். தானாகக் குடித்தால் மட்டும் தண்ணீர் கொடுங்கள். வாயில் ஊற்றினால் புரையேறும். வெப்பம் 103-க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

காய்ச்சல் கண்ட நாய் பெரும்பாலும் இப்படி இரைக்காது. சுருண்டு கிடக்கும், நடுங்கும், கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். நோயை எதிர்க்க மூளையே உடல் வெப்பத்தை உயர்த்தி வைத்திருக்கிறது. அந்த நாயைக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டினால் நடுக்கம்தான் கூடும். நிழலும் காற்றும் குடிக்கத் தண்ணீரும் போதும். காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் வைத்தியம்.

இந்த ஊர்க் காரணங்கள்

முதல் சந்தேகம் உண்ணி. நாய் உண்ணி கடிப்பதால் எர்லிக்கியா, பபீசியா என்ற ரத்தக் கிருமிகள் ஏறுகின்றன. பபீசியா கிப்சோனி என்ற வகையை 1910-இல் பாட்டன் என்ற ஆய்வாளர் முதன்முதலில் விவரித்தது, அன்றைய மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்திலிருந்துதான். எர்லிக்கியா வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவ நாய்களை நூற்றுக்கணக்கில் கொன்றது.

எர்லிக்கியாவின் போக்கை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கடித்த ஒன்றிலிருந்து மூன்று வாரங்களில் காய்ச்சல் வரும். சில வாரங்களில் மருந்தே இல்லாமல் தணிந்தும் போகும். நாய் மறுபடி சோறு தின்னும், நாமும் வெயில்தான் என்று முடிவு கட்டுவோம். கிருமியோ உள்ளேயே இருக்கும். மாதங்கள், சில நாய்களில் வருடங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். மூக்கில் ரத்தம் வடியும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும், ஈறு வெளிறும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது கடினம். பபீசியாவில் சிறுநீர் கட்டங்காப்பி நிறமாகலாம்.

நம் மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாய்க்குப் பிறவியிலேயே ஒட்டிய உடம்பு. அது நோயால் இளைப்பது கண்ணுக்குச் சட்டென்று படாது. மாதம் ஒரு முறை எடை பார்ப்பது நல்லது.

அடுத்தது சீமைக்கருவேல முள். பாதத்தில் ஒடிந்த முள் உள்ளே சீழ் வைத்தாலும் காய்ச்சல் வரும். ஒரு காலை நக்கிக்கொண்டே இருந்தால் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள். குட்டிக்குக் காய்ச்சலோடு வாந்தியும் ரத்தப் பேதியும் கண்டால் பார்வோ நோயாக இருக்கலாம். ஒரு பொழுதுகூடத் தாமதிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரைக் குடித்த நாய்க்குக் கண் மஞ்சளித்தால் எலிக்காய்ச்சலை நினையுங்கள். அந்த நாயின் சிறுநீரால் மனிதருக்கும் தொற்றும். இணைசேரும் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பெட்டை நாய் நிறையத் தண்ணீர் குடித்துச் சோர்ந்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம்.

தடுப்பூசி போடாத நாய் குரல் மாறி, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கினால் வாய்க்குள் கை விடவே கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஈரலைக் கெடுக்கும், ரத்தத்தைப் பாழாக்கும். பூனைக்கு ஒரு மாத்திரையே எமன். ஐபுபுரூபன், டைக்ளோபெனாக் இரண்டும் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவதும், பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டுவதும் நாயைக் கொன்றுவிடும். உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஊசி போடச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் பபீசியாவைத் தனியாகக் குணப்படுத்தாது. அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் சுமார் 4 வாரம் தொடர வேண்டும். மூன்றாம் நாளே நாய் துள்ளுகிறது என்று நிறுத்தினால் நோய் உள்ளே தங்கிவிடும்.

உண்ணியை ஒழிப்பது

நாய் மேல் நாம் பார்ப்பது சிறு பகுதிதான். ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் படிக்கட்டு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள், படுக்கைச் சாக்கை வெந்நீரில் அலசுங்கள். நாய்க்கு மருத்துவர் எழுதித் தரும் உண்ணி மாத்திரையையோ சொட்டு மருந்தையோ கோடையில் மட்டும் என்றில்லாமல் வருடம் முழுக்கக் கொடுங்கள். காதின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு ஆகியவற்றை வாரம் இரண்டு முறை தடவிப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எப்போதிருந்து சாப்பிடவில்லை, காலை மாலை வெப்பம் எவ்வளவு, உண்ணி கண்டீர்களா, சிறுநீர் என்ன நிறம், தடுப்பூசி போட்ட தேதி என்ன என்று எழுதிக் கொண்டுபோங்கள். நாயைக் கொண்டுபோக வசதியில்லாத ஊர்க்காரர்கள் கால்நடை ஆம்புலன்ஸின் இலவச எண் 1962-ஐ அழைத்து உதவி கேட்கலாம். நாய் நலமாக இருக்கும்போதே அதன் வெப்பத்தை இரண்டு மூன்று முறை அளந்து குறித்து வையுங்கள். அதற்குத் தெர்மாமீட்டரும் பழகும், உங்களுக்கும் கை பழகும். நாளை அது படுத்துக் கிடந்தால் வெயிலா, நோயா என்று ஊகிக்க வேண்டியிருக்காது, அளந்தே சொல்லிவிடலாம்.