விரைவும் விதியும்

நுழையும்முன்

சரக்குந்துகளுக்குக் கூடு கட்டும் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு அமைக்கும் ஊர்திகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோடும் பொறிகளோடு வளர்ந்த ஊர்கள். ஊர்தியை உருவாக்கத் திறன் வேண்டும். அதைப் பந்தயத்தில் செலுத்தத் துணிவு வேண்டும். இவ்விரண்டும் இருந்தாலும் இசைவின்றிப் பந்தயம் நடத்த இயலாது. அவ்விசைவை அளிப்பவர் யார்?

காத்திருந்த களம்

2024 ஆகஸ்டு 31. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. நீளத்தில் தெருப் பந்தயத் தடம் ஆயத்தமாக இருந்தது. வீரர்களும் பார்வையாளர்களும் காத்திருந்தனர். ஆனால், ஊர்திகள் புறப்படவில்லை. பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் தடச்சான்று கிடைத்த பின்னரே பந்தயம் நடத்தலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. நண்பகல்வரை விதிக்கப்பட்ட கெடு, மழையால் பணிகள் தாமதமானதால் இரவு 8 மணிவரை நீட்டிக்கப்பட்டது. சான்று வந்தது, அதன் பின்னரே ஊர்திகள் தடத்தில் இறங்கின.

அதிகார அடுக்கு

உலக அளவில் தானுந்துப் பந்தயங்களை 1904இல் பாரிசில் தோன்றிய பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு நெறிப்படுத்துகிறது. விசையுந்துப் பந்தயங்களுக்குத் தனிப் பன்னாட்டு அமைப்பு உண்டு. கைப்பிடியால் திருப்பப்படும் நாற்சக்கரக் கரட்டுநில ஊர்திகளின் பந்தயமும் இரண்டாவது அமைப்பின் எல்லைக்குள் வரும். இவ்விரண்டின் சார்பாகவும் இந்தியாவில் செயற்படுவது, 1971இல் தொடங்கப்பட்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு. இதன் தலைமையகம் சென்னையில் உள்ளது.

போட்டியை நடத்தும் கழகம் இக்கூட்டமைப்பிடம் முன்னிசைவு பெற வேண்டும். பங்கேற்பவர் போட்டி உரிமம் பெற வேண்டும். சாலையில் ஊர்தி ஓட்டுவதற்கான உரிமம் இதற்கு ஈடாகாது. பந்தயத்திற்குமுன் ஊர்தியின் நிறுத்தி, எரிபொருள் கலன், வீரரின் தலைக்கவசம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் சரிபார்ப்பர். விதிமீறல்களை நடுவர் குழு விசாரித்துத் தண்டம் விதிக்கும். அதன் முடிவை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

விதியின் விலை

இத்தனை கட்டுப்பாடுகள் எதற்கு? 2023ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் வெவ்வேறு பந்தயங்களில் நேர்ந்த விபத்துகளில் இரு வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் பதின்மூன்று வயதுச் சிறுவர். இசைவு பெற்ற களத்திலேயே இத்தகைய இழப்பு நேருமெனில், மருத்துவ ஊர்தியும் தடுப்பரணும் இல்லாத நெடுஞ்சாலைப் பந்தயத்தின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. விதி, இடரை முற்றிலும் நீக்கிவிடுவதில்லை. இடருக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை முன்கூட்டியே வரையறுக்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் விதியைத் திருத்திக்கொள்வதே நல்ல ஆளுகைக்கு அடையாளம்.

தெரிந்து தெளிவோம்

சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் அது பந்தயங்களை நடத்தியது. பின்னர், இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனத் தடம் அமைத்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் ஒரு விளையாட்டுப் போட்டிக்கு யார் யாரிடம் இசைவு பெற வேண்டும் என்பதைக் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. ‘பந்தயங்களில் சிறுவர் பங்கேற்கலாமா?’ – வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.