பல்லும் அச்சமும்

மக்கள் யாக்கையில் மிகக் கடினமான பொருள் யாது என வினவின், எலும்பு என்றே பலரும் விடை கூறுவர். பல்லின் மேற்புறத்தைப் போர்த்திருக்கும் எனாமல் என்னும் வெண்படலம் எலும்பினும் கடினமானது. இத்துணை உறுதி வாய்ந்த பல்லும் பழுதுறுவதுண்டு. அதனைச் சீர்செய்யக் கற்ற மருத்துவரும் உளர். ஆயினும், தேர்வுக்கு அஞ்சாத மாணவரும், இருளுக்கு அஞ்சாத இளைஞரும், ஆண்டு பல கண்ட பெரியோரும் பல் மருத்துவரின் வாயிலை மிதிக்க அஞ்சுகின்றனர். இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? இதனை வெல்லும் வழி யாது? இவற்றை ஈண்டுக் காண்போம்.

இவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஒரு காலத்தில் மெய்யாகவே இருந்தது. முற்காலத்தில் நோயாளியைப் பிறர் இறுகப் பற்றிக்கொள்ள, அவர் முழு உணர்வோடு இருக்கும்போதே பல்லைப் பிடுங்கினர். அமெரிக்க நாட்டில் ஹார்ட்ஃபோர்டு நகரிலிருந்த ஹொரேஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர், இந்நோவை ஒழிக்க வழி காண விழைந்தார். நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவை உட்கொண்டவர் நோவை உணராதிருத்தலைக் கண்டார். பிறர்மேல் சோதியாது, 1844ஆம் ஆண்டு தாமே அவ்வாயுவை உட்கொண்டு, தம் பல்லையே மற்றொரு மருத்துவரைக் கொண்டு பிடுங்குவித்துக்கொண்டார். 1846ஆம் ஆண்டு வில்லியம் மார்ட்டன் என்னும் மற்றொரு பல் மருத்துவர், பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஈதரைக் கொண்டு ஒருவரை மயங்கச் செய்தார். அறுவை நோவின்றி நடைபெற்றது. 1943ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில், மருந்து செலுத்திய இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் உருவாக்கப்பெற்றது. அறுவை மருத்துவம் முழுவதற்கும் நோவின்மை என்னும் நலத்தைத் தேடித் தந்தவருள் பல் மருத்துவர் முன்னின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. வெள்ளம் வடிந்த பின்னும் சுவரில் அதன் சுவடு தங்குதல்போல, பழைய நோவு நீங்கிய பின்னும் அதன் அச்சம் மட்டும் மக்கள் உள்ளத்தில் தங்கிவிட்டது.

இனி, இவ்வச்சம் விளைக்கும் கேட்டினை நோக்குவோம். நாம் உண்ணும் இனிப்பும் மாப்பொருளும் பல்லிடுக்கில் தங்குகின்றன. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. எனாமலில் நரம்பு இல்லை. ஆதலின் தொடக்கத்தில் நோவு தோன்றாது. சொத்தை அடுத்துள்ள டென்டின் என்னும் பகுதியை எட்டும்போது கூச்சம் உண்டாகும். நரம்பும் குருதிக் குழாயும் நிறைந்த பற்கூழை எட்டியபின், இரவெல்லாம் உறங்கவொட்டாது வலிக்கும். அதன்பின்னும் வாளாவிருப்பின், வேரடியில் சீழ் கட்டும், முகம் வீங்கும், அந்நோய் தாடைக்கும் கழுத்துக்கும் பரவி உயிருக்கே ஊறு செய்தலும் உண்டு.

ஈண்டு நாம் கருதவேண்டிய உண்மை ஒன்றுண்டு. சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை மிகுதியாதலின், மரப்பு மருந்து அங்கு எளிதில் பற்றுவதில்லை. தொடக்கத்திலேயே சென்றவர் சிறிது நேரத்தில் பல்லை அடைத்துக்கொண்டு திரும்புவர். அஞ்சி நாள் கடத்தியவரோ தாம் அஞ்சிய நோவையே எதிர்கொள்ள நேர்கின்றது. ‘நான் அஞ்சியது சரியே’ என்று அவர் மேலும் அஞ்சுவர். அடுத்த முறை இன்னும் காலந்தாழ்த்துவர். இங்ஙனம் அச்சம் நோவை வளர்க்க, நோவு அச்சத்தை வளர்க்கின்றது. செக்குமாடு சுற்றிச் சுற்றி வருதல் போன்ற இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தல் வேண்டும்.

அதற்குரிய வழிகள் சில உள. முதலாவது, வலி தோன்றுமுன்பே மருத்துவரைக் காணுதல். அன்று அவர் சிறு கண்ணாடி கொண்டு வாயைப் பார்த்து அனுப்புதலே பெரும்பான்மை. அவ்விடமும் அம்முகமும் பழகிவிடின் அச்சம் பாதி குறையும்.

இரண்டாவது, ‘எனக்கு அச்சமாக இருக்கின்றது’ என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கூறுதல். இது நாணத்தக்கதன்று, நாள்தோறும் அவர் கேட்கும் சொல்லே. தாம் செய்யப்போவதை ஒவ்வொன்றாக விளக்குமாறு அவரை வேண்டலாம். ‘நான் இடக்கையை உயர்த்தினால் நிறுத்துங்கள்’ என்று முன்னரே பேசிக்கொள்ளலாம். நிறுத்தும் உரிமை தம் கையில் உள்ளது என்று அறிந்தவர் உள்ளம் அமைதி பெறும்.

மூன்றாவது, நிகழ்வனவற்றை அறிந்திருத்தல். பல்லைக் குடையும் கருவி நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 இலட்சம் முறை சுழல்வது; அதன் கூரிய ஒலிக்கு அவ்விரைவே காரணம். மருந்தினால் மரத்த இடத்தில் அழுத்தமும் அசைவும் தோன்றும். அவற்றை வலியின் தொடக்கம் எனக் கருதி நடுங்க வேண்டுவதில்லை. மரத்த பின்னும் வலி தோன்றினால், உடனே தெரிவிக்க வேண்டும். மருத்துவர் மேலும் மருந்து செலுத்துவர்.

நான்காவது, மூச்சினைச் சீர்செய்தல். அஞ்சுங்கால் மூச்சு விரையும், உடம்பு இறுகும், சிறு வலியும் பெரிதாகத் தோன்றும். மூக்கினால் மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடின் உடம்பு தளர்ந்து அமைதியுறும்.

பெரியோர்க்கும் இதிற் கடமை உண்டு. ‘குறும்பு செய்தால் மருத்துவரிடம் கூட்டிச் சென்று ஊசி போடச் சொல்வேன்’ என்று குழந்தைகளை அச்சுறுத்துதல் தகாது. நோய் தீர்ப்பவரைத் தண்டிப்பவராகக் காட்டினால், அக்குழந்தை வளர்ந்த பின்னும் அவரை நாடத் தயங்கும். ‘சிறிதும் வலிக்காது’ என்று பொய்யுரைத்தலும் தீதே, ‘எறும்பு கடித்தாற்போல் சிறிது உறுத்தலாம், விரைவில் நீங்கும்’ என்று உள்ளவாறு கூறுதலே நன்று.

மாணவர்களே! நாள்தோறும் இருவேளை பல் துலக்குங்கள். இனிப்பைக் குறைத்து, உண்டபின் வாய் கொப்பளியுங்கள். இவற்றின் பின்னும் பல் பழுதுறின் மறைக்காதீர்கள். அச்சமே இல்லாதவர் அரியர். அச்சத்தை உரியவரிடம் எடுத்துக் கூறி, அதனோடே எழுந்து சென்று, செய்யவேண்டியதைச் செய்து முடிப்பவரே துணிவுடையார். இத்துணிவை இளமையிலேயே பழகிக்கொள்வீர்களாக.