கூடாரத்தில் படுக்கை: குளிர் கீழிருந்துதான் வருகிறது

மே மாத நீண்ட வார இறுதி வந்தால் எங்கள் குடும்பங்களும் ரென்ற், கூலர், பார்பிகியூ அடுப்பு எல்லாவற்றையும் வானில் ஏற்றிக்கொண்டு அல்கோன்குயின், சான்ட்பாங்ஸ் என்று புறப்பட்டு விடுகின்றன. நல்ல விடயம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை எனது கிளினிக்கில் நாரி நோ, தோள்மூட்டு நோ, "டொக்டர், இரவு முழுக்க நடுங்கினோம்" என்று சிலராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பத்து நாள் திட்டம் போடும் நாங்கள் படுக்கைக்கு ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை.

நானும் அப்படித்தான். 2005 இல் முதன்முதலாகக் காம்பிங் போனபோது, பெரிய காற்று மெத்தை ஒன்றை மலிவாக வாங்கிப் போனேன். ஓரடி உயரம், பார்க்க வீட்டுக் கட்டில் மாதிரி. இரவு இரண்டு மணிக்கு மேலே மூன்று போர்வை இருந்தும் முதுகு ஐஸ் மாதிரி விறைத்துவிட்டது. மாமா மெத்தையே வேண்டாம் என்று விட்டார். "ஊரிலை வெறும் நிலத்திலை படுத்தனாங்கள், உதெல்லாம் என்னத்துக்கு?" என்று பாயை விரித்துப் படுத்தவரை, காலையில் இரண்டு பேர் பிடித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

மாமா சொன்னதில் பொய்யில்லை. 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத் தரையில் சேலை விரித்து நானும் வாரக்கணக்கில் படுத்திருக்கிறேன். உடம்பு நொந்தது, ஆனால் குளிரவில்லை. யாழ்ப்பாணத்து மண் இரவிலும் சூடு வைத்திருக்கும். இங்கே மே மாதத்து மண் உறைபனியிலிருந்து இப்போதுதான் விடுபட்டிருக்கும். அது உங்கள் உடற்சூட்டை இரவு முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பிங் பாக் இதைத் தடுக்காது. உங்கள் பாரத்தில் அதன் அடிப்பக்கம் நசுங்கி, சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. வெறும் காற்று மெத்தைக்குள் இருக்கும் காற்றும் சுழன்று சுழன்று சூட்டை நிலத்துக்குக் கொண்டு போய்விடும். ஆகவே கீழே விரிப்பது மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, குளிரை மறிக்கவும் வேண்டும்.

இதை அளக்க ஓர் எண் உண்டு. காம்பிங் மெத்தைகளின் உறையில் 'ஆர் பெறுமானம்' என்று போட்டிருக்கும். 2020 முதல் முக்கிய தயாரிப்பாளர்கள் ஒரே முறையில் இதை அளந்து போடுகிறார்கள். பழைய மெத்தைகளின் எண்ணை அவ்வளவாக நம்ப வேண்டாம். யூலை, ஓகஸ்ட் இரவுகளுக்கு 2 போதும். மே, செப்டம்பருக்கு 4 அளவில் பாருங்கள். பனிக்காலம் என்றால் 5க்கு மேல். இரண்டு விரிப்புகளை அடுக்கினால் எண்களும் கூடும். மலிவான மடிப்பு நுரைப்பாய் ஏறக்குறைய 2 தரும். அதை 2 உள்ள காற்று மெத்தையின் கீழே போட்டால் 4 ஆகிவிடும், கல்லும் குத்தாது. நுரைப்பாய் ஓட்டையாகாது, நனைந்தாலும் வேலை செய்யும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

இனி நோ விடயம். நாரி நோவுக்கு வெறும் தரைதான் மருந்து என்று எங்கள் ஆட்கள் இன்னும் நம்புகிறார்கள். ஸ்பெயினில் நாட்பட்ட நாரி நோ உள்ள 313 பேரை வைத்துச் செய்து 2003 இல் வெளியான ஆய்வில், கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே நோ நன்றாகக் குறைந்தது. அது வீட்டுக் கட்டிலில் செய்த ஆய்வு. கூடாரத்திலும் நான் அந்தப் பக்கம்தான். சரிந்து படுப்பவர்களுக்கு இடுப்பும் தோளும் நிலத்தில் முட்டும். ஏழு, எட்டு சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும். காற்றைக் கல்லு மாதிரி அடிக்காதீர்கள். நிறைய அடித்துவிட்டுச் சரிந்து படுத்து, இடுப்பு நிலத்தில் முட்டாத அளவுக்குக் கொஞ்சம் திறந்து விடுங்கள். இரவு குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் குறையும். ஓட்டை என்று பயப்படாமல் படுக்குமுன் இன்னொரு தடவை அடியுங்கள்.

முழங்கால் நோ உள்ள அம்மா, அப்பாவுக்கு மடிப்புக் கட்டில் நல்லது, எழும்புவது சுகம். ஆனால் அதன் கீழே குளிர்காற்று ஓடும். அதன் மேலும் ஒரு விரிப்பு வேண்டும். நீரிழிவால் கால் விறைத்தவர்களுக்குக் குளிரும் தெரியாது, கல் அழுத்துவதும் தெரியாது. காலையில் அவர்களின் குதிக்காலைப் பாருங்கள். கைக்குழந்தையைக் காற்று மெத்தையில் ஒருபோதும் படுக்க வைக்காதீர்கள், முகம் புதைந்து மூச்சு முட்டும். 'ஒரு பெக் அடித்தால் குளிராது' என்பதும் பிழை. குளிர் தெரியாமல் போகும், உடம்பு இன்னும் வேகமாகச் சூட்டை இழக்கும்.

நான் இதை எழுத உண்மையான காரணம் வேறு. அந்த 2005 இரவில், நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து என் மைத்துனர் எழும்பிப் போய்ப் பார்பிகியூ அடுப்பைத் தூக்கினார். "தணல் மட்டும்தானே, புகை இல்லையே" என்றார். புகையில்லாத அந்தத் தணல்தான் ஆபத்து. அது விடும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, ஓங்காளம் வந்தால் களைப்பு என்று நினைப்போம். நித்திரையில் இருப்பவர் எழும்பாமலே இறந்துவிடலாம். அணைந்தது போலத் தெரியும் கரியும் மணிக்கணக்கில் அந்த வாயுவை விடும். எரிவாயு அடுப்பும் அப்படித்தான். ரென்றின் சிப்பைத் திறந்து வைத்தால் சரி என்று நினைக்க வேண்டாம். அன்றிரவு எல்லோரும் வானுக்குள் போய் இருந்து விடிய வைத்தோம். குளிர் தாங்காவிட்டால் நீங்களும் அதையே செய்யுங்கள். வாகனத்தை நிறுத்தியபடி எஞ்சினை ஓடவிட்டு மட்டும் நித்திரை கொள்ளாதீர்கள்.

வாங்கிய மெத்தையைப் போவதற்கு ஒரு கிழமைக்கு முன் வீட்டு நிலத்தில் விரித்து ஓரிரவு படுத்துப் பாருங்கள். காற்றுப் போகிறதா, இடுப்பு முட்டுகிறதா என்று தெரிந்துவிடும். சரிவராவிட்டால் கடையில் மாற்ற நாளும் இருக்கும். பற்றுச்சீட்டை எறிய வேண்டாம்.