கணினிப் பதிவேட்டில் விதையினக் குறியீடுகளைக் காத்தல்

நாலந்தாப் பகுதியில் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் பலர், இந்நாளில் தம் வயற்கணக்கைக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ எக்செல் போன்ற விரிதாள்களில் எழுதுகின்றனர். இது நன்முறையே. ஆயினும் அதில் மறைந்துள்ள ஓர் இடரை அனைவரும் அறிதல் வேண்டும்.

குறியீடு என்பது யாது? கூட்டவோ பெருக்கவோ வேண்டிய ஏக்கர், புசல், ரூபாய் ஆகியவை எண்கள். விதையினப் பெயர், வரவை இலக்கம், தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கிலக்கம் ஆகியவை எண்போலத் தோன்றினும் பெயர்களே. விரிதாளுக்கு இவ்வேறுபாடு தெரியாது. தட்டெழுதியதை எண்ணென்றோ திகதியென்றோ தானே முடிவுசெய்து மாற்றிவிடும்.

பத்தலகொடையில் உருவான பீ.ஜீ. 11-11 என்னும் நெல்லினத்தை 11-11 என்று மட்டும் எழுதினால், அது நவம்பர் 11 என்னும் திகதியாகிவிடும். 3-2 என்னும் வரவை இலக்கமும் அவ்வாறே திகதியாகும். தொலைபேசி இலக்கத்தின் முன்னுள்ள 0 மறையும். 12 இலக்கமுள்ள தேசிய அடையாள அட்டை எண் சுருங்கிய வடிவில் தோன்றும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணில் பிந்திய இலக்கங்கள் 0 ஆகிவிடும்.

இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. பீ.ஜீ. 250 இரண்டரை மாத இனம், பீ.ஜீ. 300 மூன்று மாத இனம், பீ.ஜீ. 352 மூன்றரை மாத இனம். ஆகவே இனக்குறியீடு பிழைத்தால் பயிரின் வயதும், அதனையொட்டி நீர்ப்பாய்ச்சும் கணக்கும் பிழைக்கும். உரமானியம் வங்கிக்கு வருகின்ற இக்காலத்தில், கணக்கிலக்கம் சிதைந்தால் பணம் உரியவரை அடையாது.

கற்றறிந்தோரும் இதற்குத் தப்பவில்லை. பரம்பரை அலகுகளின் பெயர்களை எக்செல் திகதிகளாக மாற்றியதால், அப்பெயர்ப் பட்டியல்களை எக்செல்லில் இணைத்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்திலொன்றில் பிழை இருந்ததென 2016இல் கண்டறியப்பட்டது. மார்ச், செப்ற் என்று தொடங்கிய பெயர்கள் பிற்பாடு மாற்றப்பட்டன. 2020இல் வெளியான பெயரிடல் நெறிமுறைகளும் இத்தகைய பெயர்களைத் தவிர்க்கச் சொல்லின.

காக்கும் முறைகள்:

1. எழுதத் தொடங்குமுன், குறியீட்டுக்குரிய நிரல் முழுவதையும் தெரிந்து, அதன் வடிவத்தை ‘உரை’ என அமைக்க. எழுதியபின் அமைப்பதாற் பயனில்லை. 2025இல் 11-11 என எழுதித் திகதியானதைப் பின்னர் உரையாக்கினால் 45972 என்னும் வேறோர் எண்ணே தோன்றும்.

2. ஓரிரு கட்டங்கட்கு மட்டுமாயின், முதலில் ஒற்றை மேற்கோட்குறியை இட்டு எழுதுக. அக்குறி கட்டத்தில் தோன்றாது.

3. இனப்பெயரை முழுமையாக, ‘பீ.ஜீ. 11-11’ என முன்னெழுத்துடன் எழுதுக. ‘பீ.ஜீ.’ என்னும் எழுத்துகள் முன்நிற்பின் அது திகதியாகாது.

4. காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட உரைக்கோப்புகளை நேரே திறத்தலாகாது. அவற்றில் வடிவம் சேமிக்கப்படுவதில்லை. இறக்குமதி வழியாகக் கொணர்ந்து, உரிய நிரலை உரையெனக் குறிக்க.

5. 2023 முதல் எக்செல்லின் புதிய பதிப்புகளில், தானியங்கு மாற்றங்கள் சிலவற்றை நிறுத்தும் வசதி உண்டு. முன்நிற்கும் 0 மறைவதையும் நீண்ட எண் சிதைவதையும் அது தடுக்கும். 11-11 போன்றவற்றுக்கு முதலாம் முறையே தக்கது.

மறைந்த 0, அழிந்த இலக்கம் ஆகியவற்றை விரிதாளிலிருந்து மீட்டல் அரிது. ஆதலால் விதைப்பொதியின் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் பத்திரப்படுத்துக. பட்டியலைக் கமநல சேவை நிலையத்துக்கு அனுப்புமுன் ஒவ்வொரு வரியையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க. விதைக்குமுன் விதைநெல்லைத் தெரிவதுபோல, கணக்கையும் அனுப்புமுன் தெரிந்து திருத்துவது கமக்காரர் கடன்.