பேரப்பிள்ளை படித்து வந்த கொசுப் பாடம்



தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்குக் கொசு ஒழிப்பு புதிதல்ல. லயத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டியதும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அது மலேரியாவைத் தடுக்கச் செய்த வேலை. 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்து அந்நோயைக் குறைத்தார். பின்னர் தோட்டங்களிலும் அந்த வழி பரவியது.

இன்று இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் பேரப்பிள்ளை, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றிக் கற்று வருகிறார். "பாட்டி, இந்தத் தொட்டியில கொசுப்புழு இருக்கு" என்று சொன்னால், "நாங்க பார்க்காத கொசுவா?" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் கற்றதும் சரி, பிள்ளை கற்பதும் சரி. கொசுதான் வேறு.

வேறுபாடு என்ன?

மலேரியா கொசு பெரும்பாலும் இரவில் கடிக்கும். சதுப்பிலும் ஓடையிலும் வளரும். ஏடிஸ் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கும். வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் அசையாமல் நிற்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். ஆகவே, கால்வாய் சுத்தமாக இருந்தாலும் வீட்டில் டிங்கி வரலாம்.

2019-இல் மலேசியாவில் 130,000-க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர். நோய் கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிலாங்கூரைச் சேர்ந்தவர்கள்.

வாரம் 10 நிமிடம்

முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை, பேரப்பிள்ளையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். அவர் குனிந்து பார்க்கட்டும். எங்கே பார்க்க வேண்டும் என்று நீங்கள் காட்டுங்கள்.

• மழைநீர் பிடிக்கும் பீப்பாய்: இறுக மூடுங்கள்.
• குளியலறைத் தொட்டி: நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். நீரின்றியும் பல மாதம் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவுங்கள்.
• சாமி மேடையில் உள்ள செம்பு, பூச்சாடி: நீரை அடிக்கடி மாற்றுங்கள்.
• துளசித் தொட்டியின் அடித்தட்டு, கோழிக்கு நீர் வைக்கும் கிண்ணம்: கொட்டிக் கழுவுங்கள்.
• தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், காலி டின்: நீர் தேங்காதபடி அகற்றுங்கள்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்

வயதானவர்களுக்கும், நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் டிங்கி கடுமையாகலாம். சில முதியவர்களுக்குக் காய்ச்சல் அதிகமாகத் தெரியாது. சோர்வும் பசியின்மையும் மட்டுமே இருக்கலாம். ஆகவே காத்திருக்காமல் சுகாதாரக் கிளினிக்கிற்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும், சொன்ன அளவில் எடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தலாம். இருதய நோய்க்காக அன்றாடம் ஆஸ்பிரின் எடுப்பவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பப்பாளி இலைச் சாற்றை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதி அடையும் நேரமே ஆபத்தான நேரம். பெரும்பாலும் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில் அது வரும். அப்போது கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரவு என்றாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இந்த அறிகுறிகளைப் பேரப்பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பகலில் வீட்டில் உங்களோடு அவர் மட்டுமே இருக்கும் நாளும் வரும். அன்று யாரை அழைப்பது என்று இன்றே பேசி வையுங்கள்.