நடக்க நல்ல தெரு வேண்டும்



பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் முன்னால் நாள் பூராவும் உட்கார்ந்தே வேலை செய்கிறோம். லைன் வீட்டுக்குத் திரும்பினால் வாசலிலேயே சாக்கடை, பைக்குகள். தெருவிலோ விளக்கு இல்லை. அப்புறம் எப்படி நடப்பது? இது நம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல, தெரு அமைப்பும் காரணம்.

வாரம் 150 நிமிஷமாவது வேகமாக நடக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி வீதம் 5 நாள் போதும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு வராமல் தடுக்க இது உதவும்.

தெருவிளக்கு, ரோடு, சாக்கடை பராமரிப்பது ஊராட்சியின் கடமை என்று 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குக் குழுவாகப் போவோம். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்வோம்.

குழுக் கூட்டத்தில் பேச: நம் தெருவில் எத்தனை கம்பத்தில் விளக்கு எரியவில்லை? எண்ணிக் குறித்து வாருங்கள்.