பவளத் தொட்டிக்கு மணல் வேண்டுமா? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கத் தொடங்குபவர்களை முதலில் குழப்புவது அடித்தளம். மணல் பரப்புவதா, வெறும் கண்ணாடியாகவே விடுவதா? இரண்டிலும் பவளம் வளரும். கழிவை அகற்றும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதுதான் வித்தியாசம்.

படி 1: அளவு தெரிந்துகொள்ளுங்கள்

அந்தக் கழிவில் சேரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பெரும்பாலும் நீங்கள் போடும் தீனியிலிருந்தே வருகின்றன. லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் இருந்தால் கவலையில்லை. பூஜ்யத்துக்கு இறக்கப் பார்க்காதீர்கள். பவளம் வெளிறும், டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் குமிழி கோத்த பழுப்பு நூல்களாகப் பாறையெங்கும் படரும். அதை விரட்டுவது பெரும்பாடு.

படி 2: அடித்தளத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெறும் கண்ணாடி என்றால் வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்பை) முழு வேகத்தில் ஓட்டலாம், மணல் பறக்காது. அக்ரோபோரா போன்ற வேக நீரோட்டம் கேட்கும் பவளங்களுக்கு இது வசதி. கழிவு ஏதாவது ஒரு மூலையில் ஒதுங்கும். வாராவாரம் குழாய் வைத்து உறிஞ்சிவிட வேண்டும். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் குறைந்த இடம் தேவை. மணல் இல்லாதபோது பாறையின் உள்துளைகளே அதற்குக் கதி. ஆகவே பாறையிலும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரிலும் சிக்கனம் கூடாது.

10 செ.மீ.க்கு மேல் மணல் போட்டால் அந்த பாக்டீரியாவுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். நைட்ரேட் குறையும். பாஸ்பேட்டுக்கோ வாயுவாகி வெளியேறும் வழியே இல்லை. சுண்ணாம்பு மணல் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீரில் அளவு குறைந்ததும் திருப்பி விடும். எத்தனை முறை நீர் மாற்றினாலும் பாஸ்பேட் இறங்கவில்லையா? மணலையும் பாறையையும் சந்தேகியுங்கள். நெடுநாள் தொடாத ஆழ்மணலைத் திடீரென்று கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பலாம். அது மீனுக்கு நஞ்சு.

முதல் தொட்டிக்கு என் ஓட்டு 2 முதல் 3 செ.மீ. மெல்லிய மணலுக்கே. சுத்தம் செய்வது எளிது. கடையில் அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணலாகக் கேட்டு வாங்குங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் போனவர்கள் பவளக்கல் பொறுக்கி வர வேண்டாம். கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

படி 3: வாராந்திர வேலை

மணலை மொத்தமாகக் கிளறாமல், வாரத்துக்குக் கால் பங்காக உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். பத்து சதவீத நீரை மாற்றுங்கள். உப்பு கலக்க வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் போதாது, அயனிகளை நீக்கும் டி.ஐ. வடிகட்டியும் தாண்டி, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். உறைந்த மைசிஸ் இறாலை அப்படியே போடாமல், டீ வடிகட்டியில் இட்டு அலசுங்கள். கலங்கலாக வடியும் அந்தச் சாறு தொட்டிக்கு வேண்டாத சுமை.

படி 4: எண் ஏறினால்

முதலில் தீனியைக் குறையுங்கள். அதன் பிறகும் பாஸ்பேட் இறங்காவிட்டால் ஜி.எஃப்.ஓ. என்னும் இரும்பு ஆக்சைடு துகளைச் சிறிதளவு போட்டுத் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஒரே நாளில் பாஸ்பேட்டைச் சரித்தால், அது கூடுதலாக இருந்தபோது தாக்குப்பிடித்த பவளம்கூடச் செத்துப்போகும்.